விதை எடுக்கத் தோட்டம் பார்க்கப் போகிறீர்களா? ஒரு பட்டத்துக்கு இரண்டு முறை போங்கள்

விதை பகிர்ந்துகொள்ளக் குழுவாகத் தோட்டம் பார்க்கப் போகும்போது, வேலியில் காய்ந்து தொங்கும் பீர்க்கு நெற்றைப் பார்த்ததும் கை நீளும். ஆளுக்குப் பத்து விதை பிரித்துத் தாளில் மடித்து, மேலே 'நாட்டுப் பீர்க்கு' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்த மாதிரி இருக்கும். அடுத்த ஆடியில் விதைக்கும்போதுதான் சிக்கல் தெரியும். ஒருவர் வீட்டில் கொடி நன்றாகப் படர்ந்தும் காய் பிடிக்காது. இன்னொருவர் வீட்டில் காய் குட்டையாக நிற்கும். வேறொருவருக்கு விதை முளைக்கவே முளைக்காது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான். விதையைப் பார்த்தார்கள், அதைத் தந்த செடியையும் அதன் பக்கத்தில் பூத்திருந்த செடிகளையும் யாரும் பார்க்கவில்லை.

அதனால் ஒரு தோட்டத்துக்கு ஒரு பட்டத்தில் (விதைப்புப் பருவத்தில்) இரண்டு முறை போக வேண்டும். பூக்கும் காலத்தில் போவது தாய்ச்செடியைத் தேர்ந்தெடுத்து அடையாளம் கட்ட. நெற்றாகும் காலத்தில் போவது விதை எடுக்க. ஒரு முறைதான் போக முடியும் என்றால் பூக்கும் காலத்தில் போய்விட்டு, விதை எடுக்கும் வேலையைத் தோட்டக்காரரிடம் ஒப்படைப்பது நல்லது.

எந்த மாதம் போவது

ஆடியில் விதைத்த சுரை, பீர்க்கு, புடலை, பாகல் கொடிகள் ஏறத்தாழ 40 முதல் 50 நாளில் பூக்கத் தொடங்கும். ஆகவே முதல் பயணம் ஆவணிக் கடைசியிலோ புரட்டாசி முதல் பாதியிலோ அமைய வேண்டும். இரண்டாவது பயணம் மார்கழிக் கடைசி தொடங்கி மாசி வரை. அவரை மட்டும் தனிக் கணக்கு. நாட்டு அவரை பகல் பொழுது குறைந்த பிறகுதான் பூக்கும் என்பதால் அதன் நெற்று மாசி, பங்குனியில்தான் கிடைக்கும்.

வெண்டைக்கும் பயறு வகைகளுக்கும் ஆடிப்பட்டத்தை நம்ப வேண்டாம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் அவை நெற்றாகும். நெற்று நனைந்து பூசணம் பிடிக்கும், சில நேரம் நெற்றுக்குள்ளேயே விதை முளை விட்டுவிடும். தையில் விதைத்த வெண்டையிலும் தட்டைப்பயறிலும் சித்திரை வெயிலில் எடுக்கும் விதை பல மடங்கு தரமாக இருக்கும். கடலோர மாவட்டங்களில் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. மழை குறைந்த கொங்குப் பகுதியில் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம்.

போவதற்கு முன்

எட்டுப் பத்துப் பேருக்கு மேல் போகாதீர்கள். கலப்புப் பயிராக இருக்கும் தோட்டத்தில் நடைபாதை குறுகலாக இருக்கும். இருபது பேர் நடந்தால் மூடாக்கு (மண்ணை மூடிப் போட்டிருக்கும் சருகும் வைக்கோலும்) மிதிபட்டு, மேட்டுப்பாத்தியின் ஓரம் சரிந்துவிடும். ஒரு தோட்டத்திலிருந்து நேராக இன்னொரு தோட்டத்துக்குப் போவதாக இருந்தால் செருப்படியில் ஒட்டிய மண்ணைக் கழுவிவிட்டுப் போங்கள். வேர்முடிச்சு நூற்புழுவும் பார்த்தீனிய விதையும் அந்த மண்ணோடு வரும்.

கையில் இருக்க வேண்டியவை: பழுப்புத் தாள் உறைகள், பென்சில், இரண்டு மூன்று நிறத்தில் கம்பளி நூல், நகைக்கடையில் தருவது போன்ற மெல்லிய வலைத்துணிப் பைகள் (ஏறத்தாழ 10-க்கு 15 சென்டிமீட்டர்), பூ மொட்டைக் கட்டத் தையல் நூல், கூர்மையான கத்தரிக்கோல், அதைத் துடைக்க ஸ்பிரிட் நனைத்த துணி. பிளாஸ்டிக் கவர் வேண்டாம். பறித்த நெற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். கவருக்குள் போட்டுக் கட்டிப் பேருந்தில் மூன்று மணி நேரம் வந்தால் அது புழுங்கிவிடும். பேனாவையும் விட்டுவிடுங்கள், ஈரம் பட்டால் மை கரையும். பென்சில் எழுத்து பல ஆண்டு நிற்கும்.

தோட்டக்காரரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். இந்த விதை எங்கிருந்து வந்தது, எத்தனை வருடமாகத் திரும்பத் திரும்ப இதையே போடுகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளும் முக்கியம். போன வருடம் கடையில் வாங்கியது என்றால் அந்தப் பொட்டலத்தைக் கேளுங்கள். அதில் 'எஃப்1' என்றோ 'ஹைபிரிட்' என்றோ இருந்தால் அது வீரிய ஒட்டு ரகம். அதன் விதையை விதைத்தால் அடுத்த தலைமுறை பலவிதமாகப் பிரியும். வீட்டுக்குப் பயன்படலாம், ரகத்தின் பெயர் போட்டுப் பகிரக் கூடாது. கிராமத்துத் தோட்டங்களில் இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் பெரும்பாலும் அந்த வீட்டின் மூத்த பெண்களிடம்தான் இருக்கும். காய் எந்த நாளில் பறித்தால் ருசி, எந்தக் கொடியை விதைக்கு விடுவது என்பதை அவர்கள்தான் வழிவழியாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். குழுவில் ஒருவர் அவர்களோடு உட்கார்ந்து, சொல்வதை அவர்கள் சொல்லிலேயே எழுதிக்கொள்ளட்டும்.

செடிக்கு முன் சுற்றுப்புறத்தைப் பாருங்கள்

பெர்மாகல்ச்சர் தோட்டத்திலும் (இயற்கையின் அமைப்பைப் பின்பற்றிப் பல பயிர்களைச் சேர்த்து வளர்ப்பது) உணவுக்காட்டிலும் (மரம், செடி, கொடிகளைக் காடு போல அடுக்கடுக்காக வளர்ப்பது) விதை எடுப்பது, ஒற்றைப் பயிர் வயலில் எடுப்பதை விடக் கடினம். எல்லாம் கலந்து நிற்கும். தானாக முளைத்த செடிகள் நிறைய இருக்கும். மருந்து அடிக்காததால் தேனீயும் வண்டும் பெருகியிருக்கும். தோட்டத்துக்கு இது வரம். ரகத்தைத் தூய்மையாக வைக்க நினைப்பவருக்கோ கூடுதல் வேலை.

ஆகவே எந்தெந்தப் பயிர் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், எது அடுத்த செடியின் மகரந்தத்தை ஏற்கும் என்பது மனத்தில் இருக்க வேண்டும். தக்காளி, அவரை, தட்டைப்பயறு, கொத்தவரை, உளுந்து, பச்சைப்பயறு ஆகியவை பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கை. ரகங்களுக்கு இடையே சில மீட்டர் இடைவெளி இருந்தால் வீட்டுத் தேவைக்குப் போதும். கத்தரி, மிளகாய், வெண்டை மூன்றும் நடுநிலை. தானாகவே காய்த்துவிடும், ஆனால் தேனீ வந்தால் கணிசமாகக் கலக்கும். சுரை, பீர்க்கு, புடலை, பாகல், பூசணி, வெள்ளரி ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி என்பதால் பூச்சி வராமல் காயே இல்லை. கீரைகளில் முளைக்கீரை, தண்டுக்கீரை இனங்களுக்குக் காற்றே மகரந்தத்தைக் கொண்டுபோகும்.

அரசின் விதைச் சான்றளிப்பில் சான்று விதைக்கு (தரம் சோதித்துச் சான்று தரப்பட்ட விதை) அதே பயிரின் வேறு ரகத்திலிருந்து கேட்கும் இடைவெளி தக்காளிக்கு 25 மீட்டர், கத்தரிக்கு 100, மிளகாய்க்கும் வெண்டைக்கும் 200, கொடிக்காய்களுக்கு 500 மீட்டர். நகரத்து மாடித்தோட்டத்தில் இதற்கு வழியே இல்லை. அடுத்த தெரு மாடியில் நீட்டுச் சுரை பூத்திருந்தால் உங்கள் குடுவைச் சுரையின் விதை கலந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பூச்சி நுழையாமல் பூவைக் கட்டுவது ஒன்றே வழி, அதைக் கீழே பார்க்கலாம்.

எது எதோடு கலக்கும் என்பதில் தேவையில்லாத பயமும் உண்டு. மஞ்சள் பூசணியும் வெண்பூசணியும் வேறு வேறு இனங்கள், கலக்காது. பூசணியும் சுரையும் கலக்காது. வெள்ளரிக்காயும் முலாம்பழமும் கலக்காது. ஆனால் குடுவைச் சுரை, நீட்டுச் சுரை, உருண்டைச் சுரை எல்லாம் ஒரே இனம், தாராளமாகக் கலக்கும். மிதிபாகலும் பெரிய பாகலும் அப்படித்தான்.

கலப்பு நடந்ததை இந்த ஆண்டுக் காயில் பார்க்க முடியாது. காயின் வடிவமும் ருசியும் தாய்ச்செடியினுடையவை. கலப்பு இருப்பது உள்ளே இருக்கும் விதையில், அது தெரிவது அடுத்த ஆண்டு. சுரையில் இதை அலட்சியம் செய்யக் கூடாது. வேலியோரம் கசப்புச் சுரை தானாக முளைத்துப் பூத்திருந்தால், பக்கத்திலுள்ள நல்ல சுரையின் விதையிலிருந்து வரும் கொடிகள் கசப்புக் காய் காய்க்கலாம். கசப்புச் சுரையின் நச்சு கடும் வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கி உயிரிழப்பு வரை கொண்டுபோயிருக்கிறது. புதிய விதையில் வந்த சுரைக்கொடி ஒவ்வொன்றின் முதல் காயிலும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, கொடியையே பிடுங்கிவிட வேண்டும். இந்த எச்சரிக்கையைப் பகிரும் பொட்டலத்தின் மேலும் எழுதுங்கள்.

தாய்ச்செடியைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் தோட்டம் முழுவதும் ஒரு சுற்று நடந்து, கையில் எதையும் தொடாமல் பாருங்கள். பிறகு விதைக்கு வேண்டாத செடிகளைக் கழியுங்கள். தேமல் (இலையில் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டு விழும் நோய்) விழுந்தவை, குட்டையானவை, ரகத்தின் சாயலிலிருந்து விலகிய கலவன்கள், சீக்கிரமே பூத்துக் கொட்டிய கீரை. கீரையில் முதலில் பூப்பது குறைதான். அதன் விதையை எடுத்தால் ஆண்டுக்கு ஆண்டு இலை பறிக்கும் நாட்கள் குறைந்துகொண்டே போகும். வெண்டையிலும் தட்டைப்பயறிலும் முதலில் காய்ப்பது நல்ல குணம். பயிருக்குப் பயிர் கணக்கு மாறும்.

தளதளவென்று நிற்கும் செடியைக் கண்டு உடனே மயங்க வேண்டாம். பாத்திரம் கழுவிய நீர் போகும் வாழைக்குழியின் ஓரத்திலோ எருக்குழிக்குப் பக்கத்திலோ நிற்கும் கத்தரி கொழுத்திருப்பது மண்ணின் பலம். அதே ரகம் தோட்டத்தின் வறண்ட மூலையில், மூடாக்கை மட்டும் நம்பி நின்று நடுத்தரமாகக் காய்த்திருந்தால், அதுவே விதைக்கு ஏற்றது. ஒரே மாதிரி மண்ணில் நிற்கும் செடிகளுக்குள்தான் ஒப்பிட வேண்டும்.

நோய்களில் எது விதை வழியே போகும் என்று தெரிந்திருந்தால் பாதி குழப்பம் தீரும். தக்காளித் தேமல், தட்டைப்பயறுத் தேமல், உளுந்தின் இலைச்சுருள், மிளகாயின் பழ அழுகல் ஆகியவை விதையோடு வரும். அந்தச் செடியிலிருந்து ஒரு விதைகூட எடுக்கக் கூடாது. வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமலை வெள்ளை ஈதான் பரப்புகிறது, விதை வழியே வராது. ஆனாலும் பாத்தி முழுக்க மஞ்சளாகிக் கிடக்க, பச்சையாக நிற்கும் ஒன்றிரண்டு செடிகளைத் தேடிக் கட்டுங்கள். அந்தத் தாங்குதிறனை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோக வேண்டும் அல்லவா?

எத்தனை செடி? தன் மகரந்தப் பயிர்களில் 5 முதல் 10. கத்தரி, மிளகாய், வெண்டையில் குறைந்தது 10, இயன்றால் 20. கொடிக்காய்களில் 5 அல்லது 6 கொடி போதும். கீரை, கம்பு, மக்காச்சோளம் போன்றவற்றில் ஒன்றிரண்டு செடியின் விதையை நம்பினால் சில ஆண்டில் வீரியம் குறையும். மக்காச்சோளத்துக்கு 100 செடிக்கு மேல் வேண்டும் என்பதால் அதை வீட்டுத்தோட்டக் குழுக்கள் தொடாமல் இருப்பதே நல்லது. அதற்கு வயல் வேண்டும்.

வீட்டுத்தோட்டத்தில் இருப்பதோ ஒரு கொடி, இரண்டு கத்தரி. குழுவாகப் போவதன் உண்மையான பயன் இங்கேதான். ஒரே ரகத்தை ஐந்து தோட்டங்களில் வளர்த்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று செடிகளைக் கட்டி, விதையைச் சேர்த்தால் ஒரு தனி வீட்டால் முடியாத செடி எண்ணிக்கை கிடைக்கும். ஆனால் முதல் ஆண்டே ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள். தோட்டவாரியாகத் தனித்தனி உறையில் வைத்து, ஒவ்வொன்றிலும் பாதியை விதைத்துப் பார்த்து, சாயல் ஒத்துப்போனால் மட்டும் கலக்க வேண்டும். ஒரு தோட்டத்து விதையில் கலப்பு இருந்து அதைக் கொட்டிவிட்டால், ஐந்தும் கெட்டுப்போகும்.

தேர்ந்த செடியில் சிவப்பு நூல் கட்டுங்கள். இது விதைக்கு, பறிக்க வேண்டாம் என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும், வேலைக்கு வருபவருக்கும் சொல்லுங்கள். விதைக்காய் குழம்புக்குப் போய்விடுவது மிகச் சாதாரணமாக நடக்கும்.

பூவைக் கட்டுதல்

வெண்டைப் பூ ஒரே ஒரு நாள்தான் விரியும். மறுநாள் காலை விரியப்போகும் மொட்டின் நுனியில் மஞ்சள் நிறம் எட்டிப் பார்க்கும். முந்தின மாலை அதன் நுனியைத் தையல் நூலால் இறுகாமல் கட்டிவிட்டால் போதும், உள்ளுக்குள்ளேயே சேர்க்கை நடக்கும். கத்தரியிலும் மிளகாயிலும் மொட்டுள்ள கிளையை வலைத்துணிப் பையால் மூடி, ஏற்கெனவே விரிந்த பூக்களைக் கிள்ளிவிட்டுக் கட்டுங்கள். தினம் காலையில் கிளையை மெல்லத் தட்டிவிட்டால் காய் பிடிப்பு கூடும். காய் பட்டாணி அளவு வந்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காய்க்காம்பில் நூல் கட்ட வேண்டும். பையை எடுக்க மறந்தால் உள்ளே மாவுப்பூச்சி பெருகும்.

கொடிக்காய்களில் பூ விரியும் நேரத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். பூசணி, வெள்ளரி, பாகல் ஆகியவை காலையில் விரியும். சுரை, பீர்க்கு, புடலை மாலையில். பூசணிக்கு முந்தின மாலை 5 மணிக்கு மேல் போய், மறுநாள் விரியவிருக்கும் பெண் மொட்டையும் (கீழே குட்டிக்காய் இருக்கும்) வேறு கொடிகளின் ஆண் மொட்டுகள் இரண்டு மூன்றையும் நூலால் கட்டிவிடுங்கள். காலை 6 முதல் 8 மணிக்குள் ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழை உரித்து, நடுவிலுள்ள மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் (நடுவே மகரந்தத்தை ஏற்கும் பகுதி) எல்லாப் பக்கமும் படும்படி தடவ வேண்டும். உடனே பெண் பூவை மறுபடி கட்டிவிடுங்கள். சுரைக்கும் பீர்க்குக்கும் இதே வேலையைப் பிற்பகலில் மொட்டுக் கட்டி, மாலையில் தடவிச் செய்ய வேண்டும்.

தடவிய பிஞ்சு பழுத்து உதிர்ந்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். மழையில் மகரந்தம் நனைந்திருக்கும். இல்லையென்றால் கொடியில் ஏற்கெனவே காய்கள் அதிகம் இருக்கும், கொடி புதிதாக ஒன்றைத் தாங்காது. சமையலுக்கான காய்களைப் பறித்துவிட்டு, மறுபடி முயலுங்கள். விதைக்கு விடும் கொடியில் ஒன்றிரண்டு காய்க்கு மேல் முற்ற விடக் கூடாது.

விதை எடுக்கும் பயணம்

தரையில் விழுந்து மூடாக்கில் கிடக்கும் நெற்றை எடுக்க வேண்டாம். ஈரத்தில் கிடந்து அது பாதி உயிர் போயிருக்கும், எந்தச் செடியினுடையது என்றும் தெரியாது. உணவுக்காட்டில் மர நிழலில் நிற்கும் கொடியின் நெற்று காய நாளாகும், உள்ளே பூசணம் இருக்கலாம், ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டுப் பறியுங்கள்.

முற்றல் தெரியாமல் எடுப்பதுதான் முளைக்காத விதைக்கு முதல் காரணம். வெண்டை, பூ விரிந்து 30 முதல் 35 நாளில் பழுப்பாகி, விளிம்பில் மயிரிழை வெடிப்பு விடும். அப்போது எடுக்க வேண்டும், முழுதாக வெடித்தால் விதை கொட்டிவிடும். கத்தரி ஊதாவோ பச்சையோ, முற்றினால் மஞ்சளாக மாறும். சந்தைக்குப் பறிக்கும் பருவத்துக் கத்தரியில் உள்ள விதை முளைக்காது. தக்காளியும் மிளகாயும் செடியிலேயே முழுச் சிவப்பாக வேண்டும். வெள்ளரி பழுப்பேறி, தோல் கரடாக வேண்டும். பாகலை முக்கால்வாசி ஆரஞ்சு நிறம் வந்ததும் பறித்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தால் வெடித்து, எறும்பும் குருவியும் கொண்டுபோகும். பாகலில் பழ ஈ பிடித்த காயை அறுத்தால் புழு விதையைக் குடைந்திருக்கும், அதைத் தோட்டத்திலேயே போட்டுவிடாமல் ஆழக் குழிதோண்டிப் புதைக்கச் சொல்லுங்கள்.

சுரையும் பீர்க்கும் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் கலகலக்க வேண்டும். மழை வந்தால் காம்போடு வெட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடலாம். பூசணியின் காம்பு கட்டையாக உலர்ந்ததும் பறித்து, நிழலில் மூன்று நான்கு வாரம் வைத்த பிறகே அறுக்க வேண்டும். அந்த நாட்களில்தான் விதை பருக்கும். முருங்கையைப் பற்றி ஒரு வார்த்தை: அது கலந்து காய்க்கும் மரம், விதையிலிருந்து வருவது தாயைப் போல இருக்கும் என்ற உறுதி இல்லை, விதையின் உயிரும் சீக்கிரம் போய்விடும். பிடித்த மரத்திலிருந்து போத்து (கிளைத் துண்டு) வெட்டி நடுவதே வழி.

விதையில் முதல் பங்கு தோட்டக்காரருக்கு. மீதியில்தான் குழுவுக்கு. அடையாளம் கட்டிய ஒவ்வொரு செடியிலிருந்தும் ஏறத்தாழ ஒரே அளவு எடுங்கள். ஒரே கொடியின் பெரிய காயிலிருந்து முழுவதையும் எடுத்துவிட்டால், ஐந்து கொடி கட்டியும் பயனில்லை.

தவசிக்கீரை, பிரண்டை, வல்லாரை போன்றவற்றைத் துண்டாகவோ வேர்விட்ட கொடியாகவோதான் வாங்க முடியும். மண் இல்லாமல் கழுவி எடுத்து, ஈரத் துணியில் சுற்றி, வீட்டில் ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்து மாவுப்பூச்சி இல்லை என்று பார்த்த பிறகே தோட்டத்துக்குள் விடுங்கள். இலையில் தேமல் தெரியும் மரவள்ளிக் குச்சியை வாங்காதீர்கள், தேமல் நோய் குச்சி வழியே பரவும்.

கழுவுதல், உலர்த்துதல்

தக்காளிச் சாற்றோடு விதையைப் பிழிந்து, தண்ணீர் சேர்க்காமல் கண்ணாடி அல்லது மண் பாத்திரத்தில் 24 முதல் 36 மணி நேரம் புளிக்க விடுங்கள். இடையில் இரண்டு முறை கிளற வேண்டும். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு கரைந்ததும் தண்ணீர் விட்டுக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். நம் ஊர் வெப்பத்தில் 48 மணி நேரம் தாண்டினால் விதை கறுக்கும் அல்லது முளை விடும். வெள்ளரிக்கு ஒரு நாள் போதும். கத்தரியைப் பிசைந்து நீரில் அலசினாலே விதை பிரியும், புளிக்க வைக்கத் தேவையில்லை. பாகல், புடலை விதைகளின் சிவப்புச் சதையைச் சாம்பலில் தேய்த்துக் கழுவுங்கள். மிளகாயை நிழலில் மூன்று நாள் வாடவிட்டு, கையுறை போட்டுப் பிரியுங்கள்.

மிதக்கும் விதை எல்லாம் பதர் என்ற கணக்கைக் கொடிக்காய்களுக்குப் போடக் கூடாது. நன்றாகப் பருத்த சுரை, பூசணி விதைகளும் மிதக்கும். விரலால் அழுத்திப் பார்த்துக் கழிப்பதே சரி.

கழுவிய விதையைத் துணியிலோ தட்டிலோ பரப்புங்கள். தாளில் பரப்பினால் தக்காளி விதை ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் நிழலில், பிறகு காலை 8 முதல் 11 வரையும் மாலை 3-க்கு மேலும் இளவெயிலில். உச்சிவெயிலில் ஈர விதையைப் போட்டால் மேல்தோல் சட்டென்று சுருங்கி, உள் ஈரம் சிக்கிக்கொள்ளும், கருவும் கெடும். தார்ச் சாலையும் மொட்டைமாடித் தளமும் விதைக்கு ஆகாது.

போதுமா என்று அறிய: சுரை, பூசணி விதையை வளைத்தால் வளையாமல் பட்டென்று முறிய வேண்டும். பயறைக் கடித்தால் பல் தடம் பதியக் கூடாது. காய்கறி விதைக்கு 8 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இருக்க வேண்டும் என்பது இந்த நிலைதான். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. இந்த இரண்டையும் மனத்தில் வைத்தால் அடுப்படிப் பரணில் விதை வைக்க யாருக்கும் தோன்றாது.

மழைக்காலத்தில் வெயில் கிடைக்காவிட்டால், வெறும் சட்டியில் நன்றாக வறுத்து ஆறவைத்த அரிசியைப் பாட்டிலில் பாதி நிரப்பி, விதையைத் துணிப்பொட்டலமாக அதன் மேல் வைத்து ஒரு வாரம் மூடி வையுங்கள். அரிசி ஈரத்தை இழுக்கும். சரியாக உலராத விதையைக் காற்றுப் புகாத பாட்டிலில் அடைப்பது, திறந்து வைப்பதை விட மோசம்.

பயறுகளிலும் அவரையிலும் பயறு வண்டு வயலிலேயே முட்டையிட்டுவிடும். நன்றாக உலர்ந்த விதையைக் காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். எடுத்த பாட்டிலை வெளிவெப்பத்துக்கு வரும் வரை, குறைந்தது ஒரு நாள், திறக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். உறைபெட்டி இல்லையென்றால் கிலோவுக்கு 10 கிராம் வசம்புத் தூள் கலக்கலாம், துவரைக்குச் செம்மண் குழம்பைப் பூசி உலர்த்தலாம். சுரை, பூசணி விதையைச் சாணத்தில் பதித்து வரட்டியாகச் சுவரில் தட்டும் பழக்கம் அடுத்த ஆடி வரைக்கும் நன்றாகவே காக்கும், மழைச் சாரல் படாத சுவராக இருந்தால்.

உறையில் எழுதுவதும் முளைப்பு பார்ப்பதும்

ஒவ்வொரு உறையிலும் பயிர், ரகம், ஊர், எடுத்த மாதமும் ஆண்டும், எத்தனை செடியிலிருந்து, கட்டிய பூவா திறந்த பூவா என்பவை இருக்க வேண்டும். தோட்டக்காரர் சம்மதித்தால் மட்டும் அவர் பெயர். இப்படி:

குடுவைச் சுரை. செங்கல்பட்டு. தை, 2025. 4 கொடி. கட்டிய பூ. முதல் காயைச் சுவைத்துப் பார்க்கவும்.

இதையே ஒரு சிறு தாளில் எழுதி உறைக்குள்ளும் போடுங்கள். ஊர்ப் பெயரோடு அறியப்பட்ட ரகங்களில் அவசரம் கூடாது. இலவம்பாடியில் விளையும் வேலூர் முள்ளுக் கத்தரிக்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த விதை சென்னை மாடியில் வளர்ந்தால் அது மாடியில் வளர்ந்தது என்றுதான் உறையில் எழுத வேண்டும்.

பகிர்வதற்கு முன் 50 விதையை எண்ணி ஈரப் பருத்தித் துணியில் சுருட்டி வையுங்கள். பயறும் கொடிக்காயும் ஒரு வாரத்துக்குள் தெரியும், கத்தரிக்கும் மிளகாய்க்கும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். சான்று விதைக்கான குறைந்தபட்ச முளைப்பு தக்காளி, கத்தரிக்கு 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் கொடிக்காய்களுக்கும் 60, பயறு வகைகளுக்கு 75. இதற்குக் கீழே போனால் நெருக்கமாக விதைத்து விதையைப் புதுப்பியுங்கள், பகிர வேண்டாம். புதிதாக எடுத்த கத்தரி விதை சில வாரம் உறக்கத்தில் இருக்கும். முதல் சோதனையில் முளைக்கவில்லை என்று கொட்டிவிடாமல் ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். பாகலும் வெண்டையும் கடினத் தோல், இரவு முழுக்க ஊறவைத்துச் சோதியுங்கள்.

2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, விதையைச் சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப் பெயரிட்ட விதையாக விற்க மட்டும்தான் தடை. பகிர்வதற்குத் தயங்க வேண்டியதில்லை.

திரும்பத் தரும் கணக்கை முதல் நாளே பேசிவிடுங்கள். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுப் பரப்பிய நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதைநெல் வாங்கியவர், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் தர வேண்டும் என்பது வழக்கம். காய்கறிக்கும் இதே கணக்கு பொருந்தும். 20 விதை கொண்டுபோனவர் 40 தர வேண்டும், அதோடு எத்தனை முளைத்தது, காய் எப்படி இருந்தது, கலவன் தெரிந்ததா என்ற மூன்று பதில்களும் தர வேண்டும். அந்தப் பதில்களின் ஒரு பிரதி, விதை தந்த தோட்டக்காரர் கைக்குப் போக வேண்டும். திரும்பி வரும் விதையில் பாதியை வேறொரு தோட்டத்தில் வைத்திருங்கள். ஒரு வீட்டில் எலி புகுந்தாலோ வெள்ளம் வந்தாலோ ரகம் அங்கிருந்து மீளும்.